ஐடல்னா என்ன, யாரைச் சொல்லலாம், எங்க சொல்லக்கூடாது? அடிக்கடி வர்ற கேள்விகளும் பதிலும்

கோவில் சிலை காணாமப் போனாலும் பேப்பர்ல ஐடல், கொரியாவுல ஆடிப் பாடுற பசங்களும் ஐடல், "அவருதாங்க என் ஐடல்"னு பேட்டி குடுக்கிறவரு சொல்றதும் அதே ஐடல், பைபிள் படிக்கிறவங்க கிட்ட கேட்டா அது பெரிய பாவத்தோட பேரு. ஒரே வார்த்தை எப்படி இவ்ளோ இடத்துல உக்காந்திருக்குன்னு நிறைய பேருக்குக் குழப்பம், அதான் திரும்பத் திரும்ப வர்ற கேள்விகளை ஒரே இடத்துல போட்டு வச்சிருக்கேன்.

சுருக்கமா சொல்லுங்க, ஐடல்னா என்ன?

ஒண்ணு, கும்பிடுறதுக்குன்னு செஞ்ச உருவம். ரெண்டு, கும்பிடாத குறையா ஜனங்க கொண்டாடுற ஆள். இப்ப பேச்சுல வர்ற ஐடல் எல்லாமே இந்த ரெண்டுல ஒண்ணுதான். பழசா மூணாவது அர்த்தம் ஒண்ணு இருக்கு, பொய்த்தோற்றம், மாயை, அந்த மாதிரி. அது இப்ப தத்துவம் படிக்கிறவங்க வாயில மட்டும்தான் வரும், ஆனா முதல்ல பிறந்தது அதுதான்.

இதைப் படிக்கும்போது ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க. இந்த வார்த்தைக்கு மரியாதையும் கிடையாது அவமரியாதையும் கிடையாது, யாரு யாரைப் பத்திச் சொல்றாங்கங்கிறதை வச்சுத்தான் எல்லாம். "என் ஐடல்"னா பாராட்டு. "அவங்க ஐடலைக் கும்பிடுறவங்க"ன்னா பெரும்பாலும் குத்தல்.

எந்த மொழி வார்த்தை இது?

கிரேக்கம். எய்டோஸ்னா உருவம், அதுலேர்ந்து எய்டோலோன். ஆரம்பத்துல இதுக்கும் சாமிக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. ஹோமர் காவியத்துல செத்துப்போனவங்களோட நிழலுருவத்துக்கு, அதாவது ஆவிக்கு இந்த வார்த்தை வரும். டிராய் யுத்தத்துல அப்போலோங்கிற தெய்வம் ஐனியாஸ்ங்கிற வீரனைக் காப்பாத்தித் தூக்கிட்டுப் போயிட்டு, அவன் இடத்துல அவனை மாதிரியே ஒரு போலி உருவத்தை விட்டுட்டுப் போவான், ரெண்டு பக்கமும் அதைச் சுத்தி நின்னு சண்டை போட்டுட்டு இருக்கும், அந்தப் போலியும் எய்டோலோன்தான். யூரிப்பிடீஸ்ங்கிற கிரேக்க நாடகாசிரியர் கி.மு. 412-ல போட்ட நாடகத்துல இன்னும் ஒரு படி மேல போயிடுவாரு, எந்த அழகிக்காக அந்த யுத்தமோ அந்த ஹெலன் டிராய்க்குப் போகவே இல்ல, போனது ஹெலன் மாதிரி இருந்த ஒரு எய்டோலோன்தான், நிஜ ஹெலன் எகிப்துல பத்திரமா இருந்தாங்க, பத்து வருஷ யுத்தம் ஒரு வெறும் தோற்றத்துக்காக நடந்துச்சுன்னு கதை போகும்.

எப்பிக்யூரஸ் மாதிரி கிரேக்கத் தத்துவ ஆளுங்க இதை விஞ்ஞான வார்த்தையாவே வச்சிருந்தாங்க. ஒவ்வொரு பொருள்லேர்ந்தும் அதோட வடிவத்துலயே ரொம்ப மெல்லிசா ஒரு படலம் உரிஞ்சு பறந்துகிட்டே இருக்கும், அது நம்ம கண்ணுல வந்து படறதாலதான் நமக்குப் பார்வை தெரியுதுன்னு சொன்னாங்க, அந்தப் படலத்துக்குப் பேரு எய்டோலா. அறிவியல் தப்புதான், ஆனா வார்த்தை எப்படி வேலை செஞ்சுதுன்னு பாருங்க: நிஜம் ஒரு இடத்துல, அதோட சாயல் இன்னொரு இடத்துல. அங்கேர்ந்து லத்தீன்ல இடோலம்னு ஆயி, பிரெஞ்சு வழியா 13-ம் நூற்றாண்டு வாக்குல இங்கிலீஷுக்கு வந்தாச்சு.

வேற எந்த வார்த்தையெல்லாம் இதுக்குச் சொந்தம்?

நிறைய. எய்டோஸுக்கு அடியில இருக்கிற ஆதி வேர் பார்க்கிறது, அறியறதுங்கிற அர்த்தம் உள்ளது. அதே வேர்லேர்ந்துதான் லத்தீன் வழியா வீடியோ வந்துச்சு, சமஸ்கிருதத்துல வேதமும் அங்கேருந்துதான், ஐடியாவும் ஐடியலும் அதே குடும்பம். ஆஸ்டராய்ட், ஆண்ட்ராய்ட் எல்லாத்துலயும் கடைசியில வர்ற அந்த "ஆய்ட்" இருக்கே, அதுவும் எய்டோஸ்தான், நட்சத்திர உருவம், மனுஷ உருவம்னு அர்த்தம். கலைடாஸ்கோப் நடுவுலயும் அதே ஆள்தான் ஒளிஞ்சிருக்காரு.

சாயல்னு இருந்த வார்த்தை சாமி சிலையைத் திட்டுற வார்த்தையா எப்படி ஆச்சு?

இதுக்கு மொழிபெயர்ப்புதான் காரணம். கி.மு. 3-ம் நூற்றாண்டுலேர்ந்து யூதர்களோட எபிரேய வேதத்தை கிரேக்கத்துல மாத்த ஆரம்பிச்சாங்க. எபிரேயத்துல வேத்து தெய்வங்களோட உருவத்துக்கு ஒரு வார்த்தை இல்ல, பல வார்த்தை இருக்கு, செதுக்கினதுன்னு ஒண்ணு, ஒண்ணுக்கும் உதவாததுன்னு நக்கலா ஒண்ணு, இப்படி. மொழிபெயர்த்தவங்க அதுல பலதுக்கும் எய்டோலோன்னே போட்டுட்டாங்க, பத்துக் கட்டளையில "உருவம் செய்யாதே"ன்னு வர்ற இடத்துலயும் அதுதான். ஆவி, போலி, வெத்துத் தோற்றம்னு ஏற்கனவே ஒரு வாசனை இருந்த வார்த்தை, "இது நிஜக் கடவுள் இல்ல"ன்னு சொல்றதுக்குக் கச்சிதமா பொருந்திடுச்சு. அப்புறம் லத்ரேயா, அதாவது வழிபாடுங்கிற வார்த்தையையும் சேர்த்து ஐடோலட்ரி வந்துச்சு. தமிழ் பைபிள்ல இதைத்தான் விக்கிரகாராதனைன்னு போட்டிருப்பாங்க.

கவனிக்க வேண்டியது, அங்கயே அர்த்தம் சிலையோட நிக்கல. பொருளாசையும் விக்கிரகாராதனைதான்னு பைபிள்ல கொலோசெயர் நிருபத்துல வருது. அதனால இன்னிக்கு ஒரு பிரசங்கத்துல "பணம் உனக்கு ஐடல் ஆயிடுச்சு"ன்னு சொன்னா அது புதுசா கண்டுபிடிச்ச உவமை இல்ல, ரெண்டாயிரம் வருஷத்துப் பழசு.

இன்னொரு விஷயம், தன்னைத்தானே விக்கிரக ஆராதனைக்காரன்னு சொல்லிக்கிட்டவங்க சரித்திரத்துல ரொம்ப அபூர்வம். அது எப்பவுமே எதிர்வீட்டுக்காரருக்கு வைக்கிற பேரு.

ஐகானும் ஐடலும் ஒண்ணா?

ரெண்டும் கிரேக்கம், ரெண்டுக்கும் உருவம்னுதான் அர்த்தம், ஆனா ஒண்ணு நல்ல பேரு வாங்கிச்சு இன்னொண்ணு கெட்ட பேரு வாங்கிச்சு. பைசாண்டியப் பேரரசுல 8-ம் நூற்றாண்டுல இதுக்காகப் பெரிய ரகளையே நடந்துச்சு, சர்ச்சுல இருக்கிற படமெல்லாம் ஐடல்தான் உடைன்னு ஒரு கூட்டம், இல்ல அது ஐகான் தொடாதேன்னு இன்னொரு கூட்டம். 787-ல நைசியா ஊர்ல கூடின சர்ச் தலைவர்கள் சபை ஒரு கோடு போட்டுச்சு: படத்துக்குச் செய்யறது மரியாதை, அது படத்துல இருக்கிறவரைப் போய்ச் சேரும், உண்மையான வழிபாடு கடவுளுக்கு மட்டும். அதுக்கப்புறமும் சண்டை ஓயல, 843-ல தான் முடிஞ்சுது.

இப்ப பேச்சு வழக்குல ஐகான்னா ஒரு காலத்துக்கோ ஒரு துறைக்கோ அடையாளமா நிக்கிறவரு, ஃபேஷன் ஐகான் மாதிரி. ஐடல்னா யாரோ ஒருத்தர் அவரைத் தலைமேல தூக்கி வச்சுக் கொண்டாடுறாங்கன்னு அர்த்தம். ஐகானுக்கு ரசிகர் தேவையில்ல, அடையாளம் தெரிஞ்சா போதும். ரசிகர் இல்லாத ஐடல் கிடையாது.

சிலை, விக்கிரகம், படிமம், பிம்பம், இதுல எது ஐடலுக்குச் சரியான தமிழ்?

இடத்தைப் பொறுத்து. சிலைங்கிறது பொது வார்த்தை, தலைவர் சிலையும் சிலைதான் சாமி சிலையும் சிலைதான், ஆனா இங்கிலீஷ்ல தலைவரோடது ஸ்டாச்யூ, அதை ஐடல்னு எழுதினா தப்பு. கும்பிடுறது இருந்தாத்தான் ஐடல். அதனால வழிபடுற உருவம்னு தெளிவா சொல்லணும்னா விக்கிரகம். கலை வரலாறு, தொல்லியல் எழுதுறவங்க படிமம்னு போடுவாங்க, பக்தர்கள் திருமேனின்னு சொல்லுவாங்க, நாலும் ஒரே பொருளைக் காட்டினாலும் பேசுற ஆள் வேற. பிம்பம் கொஞ்சம் தனி, "அவரோட பிம்பம் உடைஞ்சு போச்சு"ன்னு ஆளுங்க விஷயத்துல அழகா உக்காரும், பழைய எய்டோலோனுக்கு ரொம்பக் கிட்ட வர்ற தமிழ் வார்த்தை எதுன்னு கேட்டா நான் இதைத்தான் சொல்லுவேன்.

விக்கிரகம்ங்கிற வார்த்தைக்கு சமஸ்கிருதத்துல யுத்தம், பகைன்னும் ஒரு அர்த்தம் உண்டு, பழைய ராஜதந்திர நூல்கள்ல சந்தி விக்ரகம்னு ஜோடியா வந்தா சமாதானமும் சண்டையும்னு எடுத்துக்கணும். அங்க போய் சிலையைத் தேடாதீங்க.

ஒருத்தர் கும்பிடுற சாமியை ஐடல்னு சொன்னா தப்பா எடுத்துப்பாங்களா?

இந்திய இங்கிலீஷ்ல தப்பா எடுத்துக்க மாட்டாங்க. நம்ம பேப்பர்காரங்க, போலீஸ், பக்தர்கள் எல்லாருமே சாதாரணமாத்தான் ஐடல்னு எழுதுறாங்க, தமிழ்நாட்டு போலீஸ்ல சிலைக் கடத்தலைப் பிடிக்கிற பிரிவுக்கு 1983-லேர்ந்து பேரே ஐடல் விங்தான். ஆனா வெளிநாட்டு ஆளுங்களுக்கு எழுதுறீங்கன்னா அந்த வார்த்தையில பைபிள் வாடை தூக்கலா அடிக்கும், படிக்கிறவங்க "இது பொய்த் தெய்வம்"னு எழுதினதா எடுத்துக்க வாய்ப்பு உண்டு. அதனால இப்ப ஆராய்ச்சியாளர்களும் மியூசியங்களும் பெரும்பாலும் மூர்த்தி, டெய்ட்டி, இமேஜ், இல்லாட்டி வெறும் வெண்கலச் சிற்பம்னு போட்டு நழுவிடுறாங்க. உங்க சாமியைப் பத்தி நீங்க என்ன வேணா எழுதிக்கோங்க, அடுத்தவங்க சாமியைப் பத்தி எழுதும்போது அவங்க சொல்ற வார்த்தையையே போடுறது நல்லது.

சட்டத்துல ஐடல் ஒரு "ஆள்"னு சொல்றாங்களே, அது நிஜமா?

நிஜம், இந்தியச் சட்டத்துல. சொத்து வச்சுக்கலாம், கேஸ் போடலாம், அது மேலயும் கேஸ் போடலாம், ஆனா தானா கையெழுத்துப் போட முடியாதுங்கிறதால மைனருக்குக் கார்டியன் மாதிரி ஒருத்தர் அது சார்பா நிப்பாரு. 1925-ல மல்லிக் குடும்பத்து கேஸ்ல பிரிவி கவுன்சில், அதாவது வெள்ளைக்காரன் காலத்துக் கடைசி அப்பீல் கோர்ட், இதைத் தெளிவாவே சொல்லிடுச்சு. குடும்ப தெய்வத்தை யாரு எங்க வச்சுக்கிறதுன்னு சண்டை, தெய்வம் உங்க வீட்டு மேஜை நாற்காலி இல்ல, அதுக்குன்னு ஒரு விருப்பம் இருக்கு, அதைச் சொல்றதுக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஆளை நியமிங்கன்னு போச்சு தீர்ப்பு.

தமிழ்நாட்டு ஆளுங்களுக்குத் தெரிஞ்ச கேஸ் பத்தூர் கோவில் நடராஜர் சிலை. 1976-ல மண்ணுக்கடியிலேர்ந்து கிடைச்சு, கை மாறி கை மாறி லண்டன் போயி, கடைசியில 1991-ல அங்க மேல்கோர்ட் கோவில் பக்கம் தீர்ப்பு சொல்லி வீட்டுக்கு வந்தாரு. இங்கிலாந்துச் சட்டத்துல கோவிலுக்கெல்லாம் "ஆள்" அந்தஸ்து கிடையாது, இருந்தாலும் இந்தியச் சட்டம் ஒத்துக்குதுன்னா நாங்களும் வாதியா ஒத்துக்கிறோம்னு சொன்னாங்க.

இதுல ஒரு நுணுக்கம். கோர்ட் ஆள்னு சொல்றது அந்தக் கல்லையோ பஞ்சலோகத்தையோ இல்ல, அதுக்குப் பின்னாடி இருக்கிற பக்தி நோக்கத்தைத்தான், சிலை அந்த நோக்கத்துக்கு ஒரு உருவம். அயோத்தி கேஸ்ல 2019 தீர்ப்புலயும் சுப்ரீம் கோர்ட் இதை விரிவாப் பேசியிருக்கு. அதனாலதான் சிலை உடைஞ்சாலோ திருடு போனாலோ சொத்து அனாமத்தா ஆயிடாது.

மனுஷங்களை ஐடல்னு எப்பலேர்ந்து சொல்ல ஆரம்பிச்சாங்க?

நம்ம நினைக்கிறதை விட ரொம்ப முன்னாடி. ஷேக்ஸ்பியர் நாடகத்துலயே ஒருத்தன் தன் ஃப்ரெண்டைப் பார்த்து, நீ இவ்ளோ கும்பிடுற ஐடல் இந்தப் பொண்ணுதானான்னு கேட்பான். காதலியைச் சிலைன்னு சொல்றது வேற மொழியிலயும் இருக்கு, ஹிந்திப் பாட்டுல மூச்சுக்கு மூச்சு "சனம்"னு வருதே, அது அரபு வார்த்தை, நேர் அர்த்தம் விக்கிரகம். பாரசீகக் கவிதை வழியா காதலின்னு ஆயி ஹிந்திக்கு வந்துச்சு. பாரசீகத்துலயே விக்கிரகத்துக்கு "புத்"னு இன்னொரு வார்த்தை உண்டு, அது புத்தரோட பேர்லேர்ந்து வந்தது, அந்தப் பக்கமெல்லாம் அவங்க பார்த்த சிலை புத்தர் சிலைதான்.

நடிகருங்களுக்கு வந்தது அதுக்கப்புறம். மதியக் காட்சிக்குக் கூட்டம் கூட்டமா வர்ற பெண்கள் மயங்கின அழகான நடிகரை மேட்டினி ஐடல்னு சொன்னாங்க. ருடால்ஃப் வாலண்டினோ 1926-ல 31 வயசுல செத்தப்ப நியூயார்க்ல அடக்கத்துக்கு முன்னாடி உடம்பைப் பார்க்க வந்த கூட்டத்துல ஜன்னலெல்லாம் நொறுங்கிச்சு. 1944-ல லியோ லோவந்தால்னு ஒரு சமூகவியலாளர் அமெரிக்கப் பத்திரிகைகள்ல வர்ற வாழ்க்கை வரலாறுகளை உக்காந்து எண்ணிப் பார்த்தாரு. முன்னாடியெல்லாம் தொழிலதிபர், அரசியல்வாதின்னு உற்பத்தி பண்றவங்க ஐடலா இருந்தாங்க, இப்ப நடிகர், விளையாட்டு வீரர்னு பொழுதுபோக்கு ஆளுங்க ஐடல் ஆயிட்டாங்கன்னு எழுதினாரு. எண்பது வருஷம் ஆச்சு, இன்னிக்குப் போன்ல தள்ளித் தள்ளிப் பார்க்கிறதுக்கும் அது அப்படியே பொருந்துது.

டிவி ஷோ வரிசை தெரிஞ்சதுதான்: பிரிட்டன்ல பாப் ஐடல் 2001, அமெரிக்கன் ஐடல் 2002, இந்தியன் ஐடல் 2004. ஜனங்க தானா யாரையோ கொண்டாடின காலம் போயி, ஓட்டுப் போட்டு ஐடலைத் தயார் பண்ணிக்கலாம்னு ஆன இடம் அது.

கே-பாப், அதாவது கொரியன் பாப் பாட்டுல ஐடல்னா? அவங்க மட்டும் ஏன் வேலை பேரு மாதிரி சொல்லிக்கிறாங்க?

ஏன்னா அங்க அது வேலை பேருதான். இங்கிலீஷ்ல ஐடல்னா மத்தவங்க குடுக்கிற பட்டம், ஜப்பான்லயும் கொரியாவிலயும் அது ஒரு தொழில், "நான் பெரியவளாகி ஐடல் ஆகணும்"னு ஒரு சின்னப் பொண்ணு சொல்லலாம்.

ஆரம்பம் ஜப்பான். 1964-ல ஒரு பிரெஞ்சுப் படம் அங்க ரிலீஸ் ஆச்சு, பேருல ஐடல் இருந்துச்சு, அதுல பாடின சில்வி வர்த்தான் பயங்கர ஹிட், அப்பலேர்ந்து ஐடொருங்கிற உச்சரிப்புல வார்த்தை பரவிச்சு. ஐடொருவுக்குக் குரல் உச்சத்துல இருக்கணும்னு அவசியமில்ல, பக்கத்து வீட்டுப் பொண்ணு மாதிரி, நம்ம கண்ணு முன்னாடி கத்துக்கிட்டு வளர்றவளா இருக்கணும். 2005-ல ஆரம்பிச்ச ஏகேபி48 குரூப்போட விளம்பரமே நேர்ல போய்ப் பார்க்கக்கூடிய ஐடல்ங்கிறதுதான், தினசரி மேடை, கை குலுக்க க்யூன்னுதான் பேர் வாங்கினாங்க. குரூப்பை விட்டுப் போனா ராஜினாமா இல்ல, கிராஜுவேஷன்னு சொல்லுவாங்க. ஹட்சுனே மிக்கு மாதிரி உடம்பே இல்லாத, வெறும் மென்பொருள் குரலும் படமுமா 2007-ல வந்த ஆளும் 2009-லேர்ந்து மேடை ஏறுது. ஹெலனோட போலி உருவத்தை நினைச்சுப் பார்த்தா வார்த்தை ஒரு சுத்து சுத்தி வந்துடுச்சுன்னு தோணும்.

கொரியாவுல 1996-ல வந்த ஹெச்.ஓ.டி. குரூப்பை முதல் தலைமுறை ஐடல்னு கணக்கு வைப்பாங்க. கம்பெனியில ட்ரெய்னியா சேர்ந்து வருஷக்கணக்குல ஆட்டம், பாட்டு, மொழின்னு கத்துக்கிட்டு அப்புறம் டெபியூ, அதாவது அறிமுகம். குரூப்ல உங்களுக்குப் பிடிச்ச ஒருத்தரை பயாஸ்னு சொல்லணும், "என் ஐடல்"னு சொன்னா அவங்க ரசிகர் வட்டத்துல கொஞ்சம் சிரிப்பாங்க, ஏன்னா அங்க எல்லாருமே ஐடல்தான். "அவங்க ஐடல்தான், ஆர்ட்டிஸ்ட் இல்ல"ன்னு சொல்றது சண்டைக்கு அழைப்பு, தெரியாம வாயை விட்டுடாதீங்க.

ஐடல், ரோல் மாடல், ஃபேவரிட், என்ன வித்தியாசம்?

ஃபேவரிட்னா பிடிக்கும், அவ்ளோதான். ரோல் மாடல்னா அவர் செய்யறதைப் பார்த்து நானும் செய்வேன், இந்தப் பதத்தைப் பிரபலமாக்கினவர் ராபர்ட் மெர்ட்டன்ங்கிற சமூகவியலாளர். ஐடல்னா அண்ணாந்து பார்க்கிறது, அவரை மாதிரி ஆக முடியும்னு நினைக்கக்கூட வேண்டாம். அதனால வேலைக்கு இன்டர்வியூவுல கேட்டா ரோல் மாடல்னு சொல்லுங்க, "ஐடல்"னு சொன்னா ரசிகர் மன்ற வாசனை வரும்.

அவருக்கு நம்மளைத் தெரியவே தெரியாது, நமக்கு மட்டும் அவர் சொந்தக்காரர் மாதிரி இருக்கிற அந்த ஒருபக்க உறவுக்கு 1956-ல ஹார்ட்டன், வோல்னு ரெண்டு பேரு பாராசோஷியல்னு பேரு வச்சாங்க. டிவி வந்த புதுசு அப்ப.

ஐடல், ஐடில், ஐடியல் மூணையும் போட்டுக் குழப்புறாங்க, எப்படி ஞாபகம் வச்சுக்கிறது?

இங்கிலீஷ்ல ஐடலும், சும்மா இருக்கிற ஐடிலும் காதுல ஒரே மாதிரிதான் விழும், எழுத்து மட்டும்தான் வேற. "மை ஐடல் தோனி"ன்னு எழுத நினைச்சு சோம்பேறின்னு எழுதி வைக்கிறது அதனாலதான். சொந்தமும் கிடையாது, சும்மாங்கிற ஐடில் பழைய ஜெர்மானிய வார்த்தை, வெறுமைங்கிற அர்த்தம். ஐடியல் மட்டும் சொந்தம், ஆனா அது குணம், லட்சியம். "ஐடியலான ஆள்"னா எல்லா விதத்துலயும் பொருத்தமானவர், அவரை யாரும் கொண்டாடணும்னு இல்ல.

"ஃபீட் ஆஃப் க்ளே"ன்னு ஐடலோட சேர்த்துச் சொல்றாங்களே?

பைபிள்ல தானியேல் புத்தகத்துல நேபுகாத்நேச்சார் ராஜா கண்ட கனவு, அதுல ஒரு பெரிய சிலை வரும். தலை தங்கம், மார்பு வெள்ளி, வயிறு வெண்கலம், கால் இரும்பு, பாதம் மட்டும் பாதி இரும்பு பாதி களிமண், ஒரு கல்லு வந்து பாதத்துல மோதினதும் மொத்தமும் தூளாயிடும். நம்ம கொண்டாடின ஆளுக்கு அசிங்கமான ஒரு பலவீனம் இருக்குன்னு தெரியவரும்போது இதைச் சொல்லுவாங்க.

தத்துவத்துல "பேக்கனோட ஐடல்கள்"னு வருதே, அது சிலையா?

இல்ல, அந்தப் பழைய மூணாவது அர்த்தம். பிரான்சிஸ் பேக்கன்ங்கிற இங்கிலாந்துத் தத்துவவாதி 1620-ல மனுஷ மூளையில குடியிருக்கிற பொய்த்தோற்றங்களுக்கு லத்தீன்ல இடோலான்னு பேரு குடுத்தாரு. நாலு வகை. மனுஷ இனத்துக்கே பொதுவான கோளாறு, இல்லாத ஒழுங்கை இருக்கிறதா பார்க்கிற மாதிரி. ஒவ்வொருத்தரோட சொந்தக் குகை, வளர்ப்பும் படிப்பும் தந்த சாய்வு. நாடக மேடை, பெரிய பெரிய தத்துவங்களை நிஜம்னு நம்பிடறது. சந்தை, அதாவது நாலு பேரு கூடிப் பேசும்போது வார்த்தையே நம்மளை ஏமாத்துறது. ரொம்பத் தொந்தரவானது இந்தச் சந்தைதான்னு அவரே சொல்றாரு. இல்லாத பொருளுக்குப் பேரு இருக்கும், ஒரே பேருக்கு ஆளாளுக்கு ஒரு அர்த்தம் இருக்கும்.

வாக்கியத்துல எப்படிப் போடுறது, வினையா வருமா?

வரும், ஐடலைஸ். தமிழ்ல "ஐடலைஸ் பண்றாங்க"ன்னா அளவுக்கு மீறித் தூக்கி வைக்கிறாங்கன்னு லேசா ஒரு கண்டிப்பும் ஒட்டிக்கிட்டு இருக்கும், நல்ல அர்த்தத்துல சொல்லணும்னா "ஐடலா நினைக்கிறாங்க" போதும். ஆண் பெண் ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்தை. சர்வைவர் மாதிரி ரியாலிட்டி ஷோவுல "ஐடல் கிடைச்சிடுச்சு"ன்னு குதிச்சா அது ஒளிச்சு வச்சிருக்கிற ஒரு சின்னப் பொருள், அதை எடுத்து நீட்டினா அந்த ஓட்டெடுப்புல வெளியேத்த முடியாது, அதுக்கும் மேல சொன்ன எதுக்கும் சம்பந்தம் தேட வேண்டாம்.